இரண்டாம் தாள்

என் கணவருக்குத் தொலைபேசியை எடுக்கத் தெரியும், எடுத்தபின் வாயைக் கட்டத் தெரியாது. திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தபோது, மனிதர் ரிசீவரை வைத்துவிட்டுப் பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

“ரேடியோ ஸ்டேஷன்லேருந்து கூப்பிட்டாங்க. ஆரம்பிச்சு ஐம்பது வருஷம் ஆகுதாம். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குப் பழைய ஆளுங்களை வச்சு ஒரு நிகழ்ச்சி. நீ வந்துடுவேன்னு சொல்லிட்டேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“யாரைக் கேக்கணும்? என் பொண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

தெரியாது. நாற்பத்து மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருபத்தாறு வருடமாக இருக்கிறது. அதற்காகத்தான், ஓய்வு பெற்ற நாளிலிருந்து நிலையத்தார் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தேன். தொண்டைக்கட்டு, கண் அறுவை, நாத்தனார் மகளுக்குப் பிரசவம். நாத்தனார் மகளுக்கு மட்டும் மூன்று பிரசவம் பார்த்துவிட்டேன். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பாவம்.

“நேயர்களும் பேசலாமாம். போன் போட்டு நேரா உன்கிட்டயே பேசலாமாம்” என்றார்.

துண்டால் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஏன் இப்படி முகத்தை மறைச்சுக்கிற? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?” என்று சொல்லி அவரே சிரித்தார். அவர் பழமொழி சொன்னால் எப்போதும் யாருக்காவது சுடும். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் பெரும்பாலும் சுட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு.

நான் அந்த வேலையை வெறுத்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறுத்திருந்தால் இந்தப் பயமே இருந்திருக்காது. இருபத்தொன்பது வருடம் அந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒருநாள்கூட வேலைக்குப் போக வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு செருப்பை மாட்டியதில்லை. எங்களுடையது சின்ன நிலையம். இரண்டு ஸ்டுடியோ, ஒரு இசைத்தட்டு அறை, மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு தாழ்வாரம். எங்கள் ஒலி ஒரு பக்கம் ஆறு வரைக்கும் இன்னொரு பக்கம் மலையடிவாரம் வரைக்கும்தான் எட்டும், அதற்கு அப்பால் வெறும் கரகரப்பு. ஆனால் அந்த எல்லைக்குள் நான் வைத்ததுதான் சட்டம். மழை வரும் என்று நான் சொன்னால் கொடியில் கிடக்கும் துணிகள் உள்ளே போகும். ஒருமுறை வாய் தவறி ஒன்பது மணியைப் பத்து மணி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இடைவேளைச் சங்கை ஊதிவிட்டார்கள், யாரும் தங்கள் கைக்கடிகாரத்தை நம்பவில்லை.

காணாமல் போனவை, கண்டெடுக்கப்பட்டவை என்று தினமும் காலை ஒரு பட்டியல் படிப்பேன். சாவிக்கொத்து, குடை, கன்றுக்குட்டி. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்த ஒரு பல்செட். ‘உரியவர் தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று வழக்கம்போலப் படித்துவிட்டேன். பல்செட்டுக்கு என்ன அடையாளம் சொல்வது, போட்டுப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஆளுக்குச் சரியாக இருந்தது என்று காவலாளி வந்து சொன்னபோது நான் சிரிப்பை அடக்க முடியாமல், செய்திக்கு நடுவில் மைக்கை மூடிவிட்டு மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒயர் அண்ணன் எனக்காக ஒரு புல்லாங்குழல் துண்டை ஓடவிட்டார்.

ஒயர் அண்ணன் எங்கள் ஒலிப்பதிவாளர். எந்நேரமும் கழுத்தில் ஒரு சுருள் ஒயரை மாட்டிக்கொண்டு திரிவார் என்பதால் அந்தப் பெயர். என் குரலுக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருட விஷயம் தெரிந்த இன்னொருவரும் அவர்தான்.

திங்கட்கிழமை மதியம் கணவர் கண்ணயர்ந்ததும் ஒயர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“உன்னையும் கூப்பிட்டாங்களா தங்கச்சி?” என்றார். “என் மருமகப்பொண்ணு சட்டையை இஸ்திரி போட்டே வச்சுட்டா. நான் எங்க தப்பிக்கிறது?”

“அண்ணே, நேயர்கள் போன் பண்ணுவாங்களாம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா. எவனும் நினைச்சுப் பாக்க மாட்டான். பல்செட் கதையைச் சொல்லு, ஒன்பது மணி கதையைச் சொல்லு, சிரிச்சுட்டு வந்துடலாம்.”

“யாராவது கேட்டா?”

“கேட்டா, அன்னிக்குச் சொன்னதையே சொல்லு. ரெண்டு தாள்தான் வந்துச்சு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். நான் ரிசீவரை வைத்துவிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழுக்கு எதிரே உட்கார்ந்தேன். ரயில் விபத்தன்று பதின்மூன்று மணி நேரம் இடைவிடாது பணியாற்றியதற்காக எனக்குக் கொடுத்த சான்றிதழ் அது. சட்டம் போட்டு மாட்டியவர் என் கணவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டுவார், மீட்டர் பார்க்க வருகிற ஆளையும் விடமாட்டார்.

அந்த நாள் இதுதான். மழைக்காலம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு பயணிகள் ரயிலின் இரண்டு பெட்டிகள் தடம் புரண்டு கரைச் சரிவில் உருண்டன. அப்போது கைப்பேசி கிடையாது. வீட்டுத் தொலைபேசியும் தெருவுக்கு ஒன்றுதான். ஊர் முழுக்க எங்கள் வானொலியைத் திறந்துவைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்திருந்தது. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற பட்டியலை மருத்துவமனை அலுவலகத்தில் தட்டச்சு செய்து, அவர்களுடைய காவலாளி சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். மெல்லிய தாள், மழையில் நனைந்திருந்தது.

நாங்கள் வானொலியில் எந்தத் தாளையும் குண்டூசியோடு படிப்பதில்லை. புரட்டினால் சரசரவென்று சத்தம் மைக்கில் ஏறும். அதனால் ஊசியைக் கழற்றிவிட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, படித்து முடித்த தாளைப் புரட்டாமல் இடப்பக்கமாக நகர்த்திவிடுவோம். முதல் நாள் வேலைக்கு வந்தபோதே இதைப் பழகினேன். தூக்கத்தில்கூட என் இடக்கை அப்படித்தான் நகரும் என்று என் கணவர் கேலி செய்வார்.

அன்றும் அப்படித்தான் நகர்த்தினேன். முதல் தாளில் சிகிச்சை பெறுகிறவர்கள். இரண்டாம் தாளில் அவர்களில் மீதி நான்கைந்து பேர், அதற்குக் கீழே கோடு போட்டு ‘உயிரிழந்தவர்கள்’ என்று தலைப்பு. மூன்றாம் தாளில் உயிரிழந்தவர்களின் தொடர்ச்சி, தலைப்பு இல்லாமல் வெறும் பெயர்கள். ஈரத்தில் முதல் இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் இரண்டையும் சேர்த்து நகர்த்திவிட்டேன். சிகிச்சை பெறுகிறவர்கள் என்று தொடங்கிய அதே மூச்சில், மூன்றாம் தாளின் பதினொரு பெயர்களையும் நிதானமாக, ஊர்ப்பெயரோடு, நல்ல உச்சரிப்போடு படித்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் போனில் கத்தினார். அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் மாற்றுத் துணியும் பழமுமாக ஓடிவந்து வார்டு வார்டாகத் தேடுகிறார்களாம். என்ன படித்துத் தொலைத்தீர்கள் என்றார். நான் மேசையிலிருந்த தாள்களை எடுத்தேன். முதல் தாளுக்குப் பின்னால் அந்த இரண்டாம் தாள் ஒட்டிக்கொண்டு வந்தது.

“எங்களுக்கு ரெண்டு தாள்தான் வந்துச்சு டாக்டர்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. சூடான பாத்திரத்தில் பட்ட கை தானாகப் பின்வாங்குகிற மாதிரி வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒயர் அண்ணன் உள்ளே வந்தார். “சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்” என்று இரண்டாம் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் போய்த் திருத்தத்தைப் படித்தேன். என் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

விசாரணை நடந்தது. மருத்துவமனைக் கோப்பில் மூன்று தாளின் நகலும் இருந்தன, ஆகவே தட்டச்சு செய்தது உண்மை. ஆனால் நடுத்தாளை அனுப்பாமல் விட்டுவிட்டார் என்று அங்கிருந்த எழுத்தர்மேல் குற்றம் விழுந்தது. பக்க எண் போடாததும் சேர்ந்துகொண்டது. இறந்தவர்களின் வீட்டார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவர் அறைந்தார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அவரை எங்கோ மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்களாம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அந்த வருடக் கடைசியில் எனக்கு அந்தச் சான்றிதழ் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடிகிறது. சாப்பாடுதான் இறங்காது.

வியாழக்கிழமை காலை என் கணவர் ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்திருந்தார். நாத்தனாரும் வந்துவிட்டாள். கூடத்தில் ரேடியோவைத் துடைத்து வைத்து, சான்றிதழுக்குக் கீழே நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருக்கும் மகன் கைப்பேசியில் கேட்பானாம்.

“நல்லாப் பேசு. அந்த ரயில் கதையைச் சொல்ல மறந்துடாதே” என்று ஆட்டோவுக்குள் தலையை நீட்டிச் சொன்னார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே.

நிலையம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. இசைத்தட்டு அறை இருந்த இடத்தில் நாலு கம்ப்யூட்டர். தாழ்வாரத்தில் மட்டும் அதே வாளி. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டுடியோவின் கனத்த கதவைத் தள்ளியபோது வந்த அந்த வாசனை, பழைய கம்பளமும் சூடான கருவிகளும் கலந்த வாசனை, அதுவும் மாறவில்லை. நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் அது. அங்கிருந்தே ஓடிவிட வழி பார்த்தேன்.

நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பேச்சும் படபட, நடையும் படபட. மனதுக்குள் அவளுக்குப் படபடா என்றே பெயர் வைத்துவிட்டேன். அவளுக்கு எதிரே நானும் ஒயர் அண்ணனும். இஸ்திரி போட்ட சட்டையில் அவர் யாரோ வேற்று மனிதர் போல இருந்தார். மேசைக்கு நடுவில் ஒரு சின்னத் திரை. “வெளில ஒருத்தங்க போன் எடுத்து, யார், எதைப் பத்திப் பேசணும்னு கேட்டு இதுல போடுவாங்க மேடம். நான் அதைப் பாத்து லைனைத் திறப்பேன்” என்றாள். திரை எனக்கும் தெரிகிற மாதிரித்தான் இருந்தது.

பத்து மணி. சிவப்பு விளக்கு எரிந்தது. பயம் எங்கே போனதோ, வாயைத் திறந்ததும் குரல் தன் பாட்டுக்கு வந்தது. பல்செட் கதை சொன்னேன். படபடா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒன்பது மணி கதையை ஒயர் அண்ணன் சொன்னார், என் தப்பை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கி. நேயர்கள் லைனில் வந்தார்கள். ஒரு தையல்காரர், என் குரலைக் கேட்டபடி எத்தனையோ சட்டைக்குக் காஜா எடுத்ததாகச் சொன்னார். ஒரு டீச்சர், தன்னை ஞாபகம் இருக்கா என்று கேட்டார். இல்லாமல் என்ன என்றேன். ஒவ்வொரு முறை திரையில் புது வரி வரும்போதும் நான் முதலில் அதைப் படித்தேன், பிறகுதான் மூச்சுவிட்டேன். அரை மணி நேரம் போயிருந்தது. தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சந்தோஷம்கூட வந்தது. இத்தனை வருடம் வீணாக ஒளிந்து கிடந்தோமே என்றுகூடத் தோன்றியது.

அப்போது லைனில் ஒரு அம்மாள் வந்தார். “ரயில் கவுந்தன்னிக்கு என் வீட்டுக்காரர் பேரை நீங்கதான் படிச்சீங்க. அஞ்சாவது வார்டுன்னீங்க. அந்தக் குரலை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்மா.”

அவர் கணவர் முதல் தாளில் இருந்தவர். உயிரோடு இருந்தவர். நான் நன்றி சொன்னேன். ஆனால் படபடா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா மேடம், அதுக்கு உங்களுக்கு விருதெல்லாம் குடுத்தாங்கல்ல? அந்த நாளைப் பத்திச் சொல்லுங்களேன்.”

சொன்னேன். மழையைச் சொன்னேன், பதின்மூன்று மணி நேரத்தைச் சொன்னேன், தண்ணீர்கூடக் குடிக்காததைச் சொன்னேன். தாள்களைத் தாண்டிக்கொண்டு போனேன். எல்லாம் உண்மைதான், ஒவ்வொரு வார்த்தையும். ஒயர் அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு பாட்டுக் கேட்டுட்டு வந்துடலாம்” என்று படபடா பாட்டைப் போட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது. திரையில் ஒரு வரி வந்தது.

‘ஓய்வு பெற்ற மருத்துவமனை எழுத்தர். ரயில் விபத்துப் பட்டியல் பற்றி மேடத்திடம் பேச வேண்டும்.’

எனக்குக் காது அடைத்தது. பாட்டு எங்கோ கிணற்றுக்குள் ஓடுவது போல இருந்தது. ஒயர் அண்ணனும் படித்துவிட்டார்.

“இந்தக் கால் வேணாம்மா” என்றார் அவளிடம்.

“ஏன் சார்? அடுத்து இதுதான் எடுக்கப்போறேன். மேடம் இப்பத்தானே அதைப் பத்திச் சொன்னாங்க.”

“சாவு விஷயம். காலைல எதுக்கு?”

“இல்ல சார், நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியிலிருந்த ஆளோடு ஹெட்போனில் பேசத் தொடங்கிவிட்டாள். ஒயர் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். அவர் கை என் மணிக்கட்டில் இருந்தது, சில்லென்று இருந்தது.

“ரெண்டு தாள். ஞாபகம் வச்சுக்க. அந்த ஆளு திட்டினாலும் பொறுமையாக் கேட்டுக்க. அழுதாலும் கேட்டுக்க. ரெண்டு தாள்.”

பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். மயக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாகவும் இருந்திருக்காது. வீட்டில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தேன். அந்த மனிதர் நேரலையில் என்னைக் காறித் துப்பப்போகிறார், என் கணவர் அதைக் கேட்கப்போகிறார், அத்தனையும் நியாயமாக இருக்கப்போகிறது. எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

விளக்கு எரிந்தது. “வணக்கம், சொல்லுங்க ஐயா” என்றாள் படபடா.

“வணக்கம்மா. மேடம் இருக்காங்களா?” மெல்லிய குரல். மரியாதையான குரல். “மேடம், நான் அப்போ ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன். அந்த லிஸ்ட் அடிச்சது நான்தான்.”

“சொல்லுங்க ஐயா” என்றேன். என் குரல் எனக்கே தெரியவில்லை.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப வருஷமா நினைச்சிட்டிருந்தேன். தைரியம் வந்து விசாரிச்சப்ப, நீங்க ரிடையராயிட்டீங்க, ரேடியோவுக்கே வர்றதில்லைன்னாங்க. இன்னிக்குக் குரல் கேட்டதும் உடனே போன் பண்ணிட்டேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“மூணு தாள் அடிச்சேன் மேடம். நானே குண்டூசி குத்தி வாட்ச்மேன் கையில குடுத்தேன். குடுத்ததுதான் ஞாபகம் இருக்கு. ஆனா நடுத்தாளை வச்சுக் குத்தினேனா, மேசையிலயே விட்டுட்டேனா, அதுதான் தெரியலை. மேசையைத் தேடினேன், டிராயரைத் தேடினேன், குப்பைக்கூடையைக்கூடக் கொட்டிப் பாத்தேன். எங்கயும் இல்லை. இல்லைன்னா வச்சிருக்கணும்தானே? ஆனா உங்களுக்கு வந்தது ரெண்டுதானே. அப்போ நான்தான் எங்கயோ விட்டிருக்கேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்புறம் எனக்கு என் கை மேலயே நம்பிக்கை போயிடுச்சு மேடம். ஒரு காகிதம் அனுப்பணும்னா பத்துத் தடவை எண்ணுவேன். வேலையே ஓடலை, பாதியிலயே ஓய்வு வேணும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இப்பவும் கதவைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். அதை விடுங்க. அவ்வளவு நல்ல குரல் உங்களுது. அந்தப் பதினொரு பேரை அப்படித் தப்பாப் படிக்க வச்சுட்டேனே. அந்தப் பாவம் என்னுது. மன்னிச்சிடுங்க மேடம்.”

ஒயர் அண்ணன் படபடாவைப் பார்த்து விரலைக் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டினார். வெட்டிவிடு என்பதற்கு வானொலிக்காரர்கள் காட்டுகிற சைகை. அவள் முகம் வெளிறி, கை பலகையில் அந்த லைனின் பொத்தானுக்குப் போனது. நான் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். திட்டியிருந்தால் இரண்டு தாள் என்று சொல்லிவிட்டுக்கூட வந்திருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். மன்னிப்பைத்தான் என்னால் வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

“ஐயா, ரெண்டாம் தாள் வந்துச்சு” என்றேன்.

“என்ன மேடம்?”

“நீங்க வச்சிருந்தீங்க. மூணு தாளும் வந்துச்சு. ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் பாக்காம ரெண்டையும் சேத்துத் தள்ளிட்டேன். டாக்டர் போன் பண்ணினப்பதான் பாத்தேன். பயந்துபோயி, வரலைன்னு பொய் சொல்லிட்டேன். விசாரணையிலயும் அதையே சொன்னேன். உங்க மேல தப்பே இல்லை. நான்தான்.”

ஒயர் அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். அவரைப் பற்றி நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அந்தப் பொய் வந்தபோது அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். படபடா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போனில் சத்தமே இல்லை. அந்த நிலையத்தில் நான் எத்தனையோ பேருக்காகப் பேசி நிரப்பியிருக்கிறேன். அன்றைக்கு நிரப்ப என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. இப்போது வரப்போகிறது, இப்போது வரப்போகிறது என்று வசவுக்காகக் காத்திருந்தேன். பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கையை விடக்கூட மறந்திருந்தேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ போகிறார். பிறகு தூரத்திலிருந்து அவர் குரல்.

“ஏய், இங்க வா! கேட்டியா? வச்சிருந்தேனாம்! நான் வச்சிருந்தேனாம்!”

இன்னொரு குரல், வயதான பெண் குரல், சமையலறைப் பக்கமிருந்து வருவது போல இருந்தது. “எதை?”

“அந்தத் தாளை! நடுத்தாளை!”

“அதைத்தானே நான் இத்தனை வருஷமாச் சொல்றேன்.”

“நீ சொன்னா? அவங்களே சொல்றாங்க!” கால்கள் இழுபட்டு வந்தன. மறுபடி போனை எடுத்தார், மூச்சு வாங்கியது. “மேடம், இன்னொரு தடவை சொல்றீங்களா? இவ கேக்கலை.”

சொன்னேன். இந்தமுறை பேச்சுவழக்கில் சொல்ல வாய் வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, எல்லா அறிவிப்பையும் படித்தது போலவே சொன்னேன்.

“அறிவிப்பு. ரயில் விபத்து நாளன்று மருத்துவமனை அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று தாள்களும் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை அனுப்பிய எழுத்தரிடம் எந்தத் தவறும் இல்லை. பெயர்களைத் தவறாகப் படித்தவரும், அதை மறைத்தவரும் அறிவிப்பாளரே.”

“போதும் மேடம்” என்றார் அவர். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அவர் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

திரையில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மேலே இருந்த வரியைப் படித்தேன். ‘அந்தப் பதினொரு பேரில் ஒருவருடைய மகள்.’ படபடாவும் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று நான் தலையசைப்பேன் என்று எதிர்பார்த்தது போல. இருபத்தொன்பது வருட வேலையில் அந்த ஸ்டுடியோவில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

“அவங்க லைனைத் திறம்மா” என்றேன்.